மூன்று நிமிட பிளிட்ஸில் நேரம் எங்கே போகிறது?

பிளிட்ஸ் என்பது வேக செஸ். மூன்று நிமிடம் என்றால் ஆட்டம் முழுவதற்கும் ஆளுக்கு 180 விநாடி. ஓர் ஆட்டம் 40 நகர்வு போகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நகர்வுக்கு நாலரை விநாடி. காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டமான எண்ட்கேம் வரை இழுத்து 60 நகர்வு ஆகிவிட்டால் மூன்றே விநாடி. ஒவ்வொரு நகர்வுக்கும் இரண்டு விநாடி கூடுகிற 3+2 ஆட்டத்தில் அதே 40 நகர்வுக்குத் தலா ஆறரை விநாடி வரும். ஐந்து நிமிட ஆட்டத்தில் ஏழரை.

ஆன்லைனில் பிளிட்ஸ் ஆடி, ரேட்டிங் (ஆட்ட பலத்தைக் காட்டும் எண்) ஒரே இடத்தில் மாதக்கணக்காக நின்றுபோனவர்கள் பெரும்பாலும் சொல்வது, "நான் இன்னும் வேகமாக யோசிக்கப் பழகணும்" என்பதுதான். நாலரை விநாடியில் யாராலும் பெரிதாக எதையும் யோசித்துவிட முடியாது, கிராண்ட்மாஸ்டரே ஆனாலும். கிராண்ட்மாஸ்டர்கள் ஆடுவதைக் கடிகாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். தெரிந்த ஓப்பனிங் என்றால் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்வுக்கு இருபது விநாடிகூட ஆகாது. அப்புறம் எங்கோ ஒரு நகர்வுக்கு இருபது, இருபத்தைந்து விநாடி அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். திரும்பவும் படபடவென்று பத்து நகர்வு. அவர்களுக்கும் நமக்கும் கொடுக்கப்பட்ட நேரம் ஒன்றுதான். நாம் அதை எல்லா நகர்வுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக் கொடுத்துவிட்டு, தேவைப்படும் இடத்தில் கையை விரிக்கிறோம்.

எந்த ஆட்டம் எந்தக் கணக்கில் வருகிறது என்பதை முதலில் முடித்துவிடலாம். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே விதிப்படி, ஒருவருக்குப் பத்து நிமிடமோ அதற்குக் குறைவோ இருந்தால் பிளிட்ஸ். பத்துக்கு மேல் அறுபதுக்குள் இருந்தால் ராபிட். ஒவ்வொரு நகர்வுக்கும் கூடும் விநாடி, அதாவது இன்கிரிமென்ட், இருந்தால் அதை அறுபதால் பெருக்கிச் சேர்த்துக்கொள்வார்கள். இணையத் தளங்கள் அறுபதுக்குப் பதில் நாற்பதால் பெருக்குகின்றன. செஸ்.காம் தளத்தில் மூன்று நிமிடத்துக்குக் கீழே புல்லட், பத்துக்குக் கீழே பிளிட்ஸ். லிசெஸில் பிளிட்ஸின் மேல் எல்லை எட்டு நிமிடம். பத்து நிமிட ஆட்டத்தை இரண்டு தளங்களும் ராபிட் என்கின்றன, ஃபிடே பிளிட்ஸ் என்கிறது. ஒரு தளத்து ரேட்டிங்கை இன்னொன்றோடு ஒப்பிட்டு மனம் உடைபவர்களுக்கு இன்னொரு தகவல்: இரண்டு தளங்களும் ரேட்டிங் போடும் முறையே வேறு, ஆடுபவர்கள் கூட்டமும் வேறு. ஒரே ஆளுக்கு இரண்டிலும் ஒரே எண் வராது.

உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப் 3+2-இல்தான் நடக்கிறது. இந்த இன்கிரிமென்ட் கடிகாரத்துக்குக் காப்புரிமை வாங்கியவர் முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர். 1988-இல் விண்ணப்பித்து அடுத்த வருடம் பெற்றார். 1992-இல் தன் பழைய எதிராளி ஸ்பாஸ்கியோடு மறுபடி ஆடியபோது அதையே பயன்படுத்தினார்கள். 1970-இல் யூகோஸ்லாவியாவின் ஹெர்செக் நோவியில் நடந்த பிளிட்ஸ் போட்டியில் 22 ஆட்டத்தில் 19 புள்ளி எடுத்து, இரண்டாவதாக வந்த முன்னாள் உலக சாம்பியன் டாலை நாலரைப் புள்ளி பின்னால் விட்டவர் ஃபிஷர். வேக ஆட்டத்தில் அவ்வளவு கெட்டிக்காரரே, நல்ல பொசிஷனைக் கையில் வைத்துக்கொண்டு மணி விழுந்து, அதாவது நேரம் தீர்ந்து, தோற்பது சரியில்லை என்று நினைத்திருக்கிறார். முன்னேற ஆசைப்படுகிறவர்களுக்கு என் முதல் யோசனையும் இதுதான்: 3+0-ஐ விட்டு 3+2-க்கு வாருங்கள். 3+0-இன் கடைசி இருபது விநாடியில் நடப்பது மவுஸ் போட்டி. அதில் ஜெயிப்பதும் தோற்பதும் உங்கள் செஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்லாது.

சரி, பெரிய ஆட்டக்காரர்களுக்கு யோசிக்காமல் ஆட எப்படி முடிகிறது? இதை உளவியல்காரர்கள் ரொம்ப நாளாகத் துருவியிருக்கிறார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த அட்ரியான் டி கிரூட், தானே நல்ல ஆட்டக்காரர். 1946-இல் வெளியான ஆய்வுக்காகப் பெரிய கிராண்ட்மாஸ்டர்களையும் அவர்களுக்குக் கீழ்நிலையில் இருந்தவர்களையும் உட்கார வைத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். கிராண்ட்மாஸ்டர்கள் இன்னும் ஆழமாக, இன்னும் நிறைய நகர்வுகளைக் கணக்கிடுவார்கள் என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பும். அப்படிப் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வித்தியாசம் வேறிடத்தில் இருந்தது. பலகையைச் சில விநாடி காட்டி மறைத்துவிட்டு, காய்கள் எங்கெங்கே இருந்தன என்று கேட்டால், வலுவானவர்கள் ஏறக்குறைய முழுப் பலகையையும் திருப்பி அடுக்கினார்கள்.

1973-இல் அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். காய்களைக் கண்டபடி கலைத்து வைத்து அதே சோதனையைச் செய்தபோது, மாஸ்டரின் நினைவாற்றல் புதியவரின் நினைவாற்றலுக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. ஆக அது பொதுவான ஞாபக சக்தி இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தைக்கு எட்டு எழுத்தாகத் தெரிவது நமக்கு ஒரே சொல்லாகத் தெரிகிற மாதிரி, காஸ்லிங் செய்த (யானையைத் தாண்டி ஓரத்துக்கு ஒதுங்கிய) ராஜா, அதன் முன் மூன்று சிப்பாய், பக்கத்தில் குதிரை என்பதெல்லாம் மாஸ்டருக்கு ஒரே துண்டு. 2004-இல் புரூஸ் பர்ன்ஸ் என்பவர் பிளிட்ஸ் முடிவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார். சாதாரண நேரத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவாகக் கொடுக்கப்பட்ட ஆட்டங்களில் ஒருவர் எப்படி ஆடுகிறார் என்பதே, அவருடைய ரேட்டிங்கில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் 81 சதவீதம் வரை விளக்கிவிடுகிறது என்பது அவர் கண்டது. நீள ஆட்டத்தில் உதவும் அதே சரக்குதான் வேக ஆட்டத்திலும் ஓடுகிறது; பிளிட்ஸுக்கென்று தனி வித்தை இருந்தாலும் அதன் பங்கு சின்னது. தனியாகப் பழக வேண்டியது நேரத்தைப் பங்கிடுவதுதான்.

அதற்கு உங்கள் சொந்த ஆட்டங்களே போதும். இரண்டு தளங்களிலும் முடிந்த ஆட்டத்தைத் திறந்தால் ஒவ்வொரு நகர்வுக்கும் எத்தனை விநாடி எடுத்தீர்கள் என்று காட்டும். எஞ்சின் (நகர்வுகளைக் கணக்கிடும் செஸ் மென்பொருள்) தரும் மதிப்பீட்டை மறைத்துவிட்டு இதை மட்டும் பாருங்கள். கடைசியாக ஆடியதில் இருபது ஆட்டத்தை எடுத்து, ஒவ்வொன்றிலும் நீங்கள் அதிக நேரம் எடுத்த நகர்வு எது என்று குறித்துக்கொண்டு, அங்கே எதற்காக நின்றீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். ஓப்பனிங் மறந்துபோய் நின்றீர்களா? ஒன்றுக்கொன்று சமமான இரண்டு நல்ல நகர்வுகளுக்கு நடுவே தவித்தீர்களா? இல்லை, நிஜமாகவே ஆட்டம் திரும்பும் இடமா?

ரேட்டிங் ஆயிரத்துக்கும் ஆயிரத்து எண்ணூறுக்கும் இடையில் ஆடுகிறவர்களின் ஆட்டங்களில் நான் அதிகம் பார்ப்பது இரண்டாவது வகை. யானையை டி வரிசைக்குக் கொண்டுபோவதா, இ வரிசைக்கா என்று பதினைந்து விநாடி. எஞ்சினைக் கேட்டால் இரண்டுக்கும் ஒரு சிப்பாயில் பத்தில் ஒரு பங்குகூட வித்தியாசம் இருக்காது. அதே ஆட்டத்தில் பத்து நகர்வு கழித்து எதிராளி ராணிகளை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்பார். மாற்றினால் வருவது வெறும் சிப்பாய் எண்ட்கேம். ஜெயிப்பா டிராவா தோல்வியா என்று அந்த ஒரு நகர்வில் தீர்மானமாகிவிடும். அங்கே நம் ஆட்டக்காரர் இரண்டு விநாடியில் மாற்றியிருப்பார், ஏனென்றால் அப்போது கடிகாரத்தில் இருப்பது 25 விநாடி.

ராணி மாற்றம், கடைசி யானை மாற்றம், ராஜாவுக்கு முன்னால் சிப்பாய் நகர்த்துவது, காயைப் பலி கொடுப்பது, எதிராளி திடீரென்று எதையோ இலவசமாக வைத்தது மாதிரித் தெரிவது. இவை திருப்பிக்கொள்ள முடியாத நகர்வுகள். நிற்க வேண்டிய இடங்கள் இவைதான், மற்ற இடங்களில் சுமாரான நகர்வே போதும். காயை ஒரு படி நல்ல கட்டத்துக்கு நகர்த்துங்கள், எதையும் காவலில்லாமல் தொங்கவிடாதீர்கள், பட்டனைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். 3+0-இல் பத்தாவது நகர்வு முடியும்போது 2 நிமிடம் 35 விநாடியாவது, இருபதாவதில் 1:45, முப்பதாவதில் ஒரு நிமிடம் கையில் இருந்தால் நல்லது. இது எங்கும் எழுதி வைத்த விதி இல்லை, என் தோராயம். எந்த இலக்கிலிருந்து தவறுகிறீர்கள் என்று பார்ப்பதற்குத்தான். பத்தாவதிலேயே இரண்டு நிமிடத்துக்கு வந்துவிட்டால் சிக்கல் ஓப்பனிங்கில். பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் கரைந்தால் திட்டம் இல்லாமல் ஆடுகிறீர்கள்.

எதிராளியின் நேரத்தைப் பலர் வீணாக்குகிறார்கள். அவர் என்ன ஆடுவார் என்று தெரியாததால் அப்போது நகர்வுகளைக் கணக்கிடுவது பெரும்பாலும் தண்டம். என் மோசமான காய் எது, அவர் பக்கத்தில் காவலில்லாத காய் எது, எந்த எண்ட்கேம் எனக்குச் சாதகம் என்கிற கேள்விகளுக்கு அவர் நேரத்தில் பதில் தேடலாம். உங்கள் கடிகாரம் ஓடத் தொடங்கியதும் கணக்கு.

மேலே சொன்ன இடைநிலையில் பிளிட்ஸ் தோல்விகளில் பெரும்பங்கு நுணுக்கமான தவறால் வருவதில்லை. ஒரே நகர்வில் காய் போகிறது, அல்லது இரண்டே நகர்வில் மேட். எதிராளி நகர்த்தியதும் அவர் காய் புதிதாக எதைப் பார்க்கிறது, அது விட்டுவந்த கட்டம் எதைத் திறந்துவிட்டது என்று ஒரு பார்வை. ஆடுமுன் செக், வெட்டு, மிரட்டல் என்று எதிராளிக்கு இருக்கும் பதில்களில் ஒரு பார்வை. பழகிவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரு விநாடிதான். பழகுவதற்குப் பிளிட்ஸ் உதவாது. பதினைந்து நிமிடம், பத்து விநாடி கூடும் ஆட்டங்களில் இந்தப் பார்வையைக் கட்டாயமாக்கிக்கொண்டால்தான் வேகத்தில் அது தானாக வரும்.

ஓப்பனிங் விஷயத்தில் பிளிட்ஸ்காரர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு: பொறி வைத்துப் பத்து நகர்வில் ஜெயிப்பது. ஸ்டாஃபோர்ட் கேம்பிட் நல்ல உதாரணம். இரண்டு பக்கமும் ராஜா முன் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி, ராஜா பக்கக் குதிரைகளை வெளியே எடுக்கிறார்கள். வெள்ளை நடுச் சிப்பாயை வெட்டுகிறது. கறுப்பு மற்றொரு குதிரையை நீட்டி, பரிமாற்றத்தில் ஒரு சிப்பாயை விட்டுக்கொடுக்கிறது. வெள்ளை டி3 ஆட (டி வரிசையின் மூன்றாவது கட்டத்துக்குச் சிப்பாயை நகர்த்த), கறுப்பு பிஷப்பை சி5-இல் வைக்கிறது. இப்போது வெள்ளை, பார்க்க ரொம்ப இயல்பாக, பிஷப்பை ஜி5-க்குக் கொண்டுபோய்க் குதிரையை ராணியோடு கட்டிப்போட்டால், அந்தக் கட்டிய குதிரையே இ4-ஐ வெட்டுகிறது. ராணி கிடைத்ததே என்று எடுத்தால், எஃப்2-இல் பிஷப் செக், ராஜா இ2, இன்னொரு பிஷப் ஜி4-இல் வந்து மேட். ஜி5-க்குப் போகாமல் பிஷப்பை அடக்கமாக இ2-இல் வைத்திருந்தால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான்.

இதில் வெள்ளை ஆடுகிறவருக்குத் தேவை ஒரே ஒரு தகவல். அது தெரிந்தவருக்கு ஆறாவது நகர்வுக்கு ஒரு விநாடி போதும். தெரியாதவர் ஒரு நிமிடம் யோசித்தும் விழலாம். கறுப்பின் பக்கத்திலிருந்து பார்த்தால், இந்தப் பொறியை நம்பி ஏறுகிற ரேட்டிங், பதில் தெரிந்தவர்கள் இருக்கும் உயரத்துக்கு வந்ததும் நின்றுவிடும். அங்கே ஒரு சிப்பாய் குறைவோடு தினமும் ஆட வேண்டியிருக்கும். பொறிகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அதையே பிழைப்பாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்பேன்.

வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு என மூன்று ஓப்பனிங் போதும். வெள்ளையில் லண்டன் சிஸ்டம், கறுப்பில் காரோ-கான் என்று பிளிட்ஸ்காரர்கள் ஓடுவதற்குக் காரணம் அவை உலகத்திலேயே சிறந்தவை என்பதல்ல. எதிராளி என்ன செய்தாலும் காய்கள் ஏறக்குறைய அதே கட்டங்களுக்குப் போவதால் நேரம் மிச்சமாகிறது, வருகிற நடு ஆட்டமும் பழகிய முகமாக இருக்கிறது. அலுப்பாக இருக்கிறது என்று மாதம் ஒன்றாக மாற்றினால் இந்த இரண்டு லாபமும் போய்விடும். லிசெஸின் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரரில் உங்கள் பெயரைக் கொடுத்தால் நீங்கள் ஆடிய ஆட்டங்களை மட்டும் வைத்து, எந்தக் கிளையில் எத்தனை தோற்றிருக்கிறீர்கள் என்று காட்டும். அதிகம் தோற்கிற ஒரு கிளைக்கு ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பழக்கத்துக்கு செஸ் புதிர்கள், அதாவது பஸ்ஸில் (puzzle). இங்கே ஒரு கருத்து வேறுபாடு உண்டு. கஷ்டமான பஸ்ஸிலை அரை மணி நேரம் முறைத்துப் பார்ப்பது நீள ஆட்டத்துக்கு நல்லது. வேக ஆட்டத்துக்குச் சேர்க்க வேண்டியது மாஸ்டருக்கு ஒரே பார்வையில் தெரிகிற அந்தத் துண்டுகள், ஆகவே சுலபமானவற்றை நிறையப் போட வேண்டும்: பின்வரிசை மேட், குதிரை ஒரே நேரத்தில் இரண்டு காய்களைத் தாக்கும் ஃபோர்க், ஒரு காயை அசையவிடாமல் கட்டிப்போடும் 'பின்' (pin), ஒரு காய் நகர்ந்ததும் பின்னாலிருந்து திறக்கும் தாக்குதல். விடை பார்த்ததும் தெரிகிற வரை அதே வகையைத் திரும்பத் திரும்ப. லிசெஸின் பஸ்ஸில் ஸ்டார்ம் மூன்று நிமிட ஓட்டம். தவறாக ஆடினால் பத்து விநாடி பறிபோகும். செஸ்.காமின் பஸ்ஸில் ரஷ் மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், நேரமே இல்லாத சர்வைவல் என்று மூன்று வகை. இவற்றில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. பஸ்ஸில் என்று வந்தாலே அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. ஆட்டத்தில் பதினேழாவது நகர்வில் யாரும் வந்து "இப்போது தேடு" என்று சொல்ல மாட்டார்கள். ரஷ்ஷில் நாற்பது எடுப்பவர் ஆட்டத்தில் சாதாரண ஃபோர்க்கைக் கோட்டை விடுவது இதனால்தான். இதற்கு ஒரே மருந்து தோற்ற ஆட்டங்களைத் திருப்பிப் பார்ப்பது. தவறவிட்ட தந்திரத்துக்கு ஒரு நகர்வு முன்னால் பலகையில் என்ன அடையாளம் இருந்தது என்று பாருங்கள். காவலில்லாத இரண்டு காய்களோ, மூச்சுவிட வழியில்லாத ராஜாவோ பெரும்பாலும் அங்கே நின்றுகொண்டிருக்கும்.

பிறர் ஆட்டத்தைப் பார்த்துப் படிக்க வேண்டுமானால், 2025 அக்டோபரில் 29 வயதில் காலமான அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கியின் ஸ்பீட்ரன் வீடியோக்கள் யூடியூபில் இருக்கின்றன. புதுக் கணக்கில் கீழ்நிலையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் சொல்லிக்கொண்டே மேலே ஏறுவார். கவனித்தால் தெரியும், அவர் ஆடுவதில் முக்கால்வாசி ரொம்பச் சாதாரணமான நகர்வுகள். எதிராளி தவறு செய்யும் வரை காயை நல்ல இடத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

இனி கடைசி முப்பது விநாடி. பிளிட்ஸுக்கே உரிய அந்தச் சின்னப் பங்கு இங்கேதான் இருக்கிறது, அதற்குத் தளத்தின் விதி தெரிந்திருக்க வேண்டும்.

எதிராளி ஆடும்முன்பே நம் நகர்வைப் போட்டு வைக்கும் பிரிமூவை எடுத்துக்கொள்வோம். லிசெஸில் ஒரு நேரத்தில் ஒரு பிரிமூவ்தான், ஆனால் அதற்குக் கடிகாரத்தில் எதுவும் குறையாது. செஸ்.காமில் வரிசையாகப் பல போடலாம், ஒவ்வொன்றுக்கும் 0.1 விநாடி கழியும். ஒரு விநாடி மிச்சமிருந்தால் செஸ்.காமில் அதிகபட்சம் பத்து நகர்வு. லிசெஸில் கை ஓடும் வரை ஓடலாம். எந்தப் பிரிமூவ் பத்திரம்? எதிராளி உங்கள் காயை வெட்டினால் திருப்பி வெட்டுவதற்குப் போடுவது பெரும்பாலும் பத்திரமானது. அவர் வெட்டவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் உங்கள் காயே நிற்கும், நகர்வு செல்லாமல் தானாக ரத்தாகிவிடும். காலியான கட்டத்துக்குப் போடுவதுதான் ஆபத்து. புல்லட்டில் பழைய வேடிக்கை ஒன்று உண்டு. வெள்ளை டி4 ஆட, கறுப்பு ஜி6 ஆடிவிட்டு, அடுத்து பிஷப் ஜி7 என்று பிரிமூவ் போட்டு வைக்கிறது. வெள்ளை பிஷப்பை ஹெச்6-இல் கொண்டுவந்து வைக்கிறது. கண்ணைத் திறந்து பார்த்தால் இலவச பிஷப். பிரிமூவ் போட்டவருக்கோ பிஷப் ஜி7-க்குப் போய்விடுகிறது, வெள்ளை அதை வெட்டிவிட்டு மூலையில் இருக்கும் யானையையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

மணி விழும்போது யாருக்கு வெற்றி என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. உங்களிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும், எதிராளியிடம் ராஜாவும் ஒரு குதிரையும் மட்டும். உங்கள் நேரம் முடிந்துவிட்டது. எந்த வழியிலாவது மேட் வர வாய்ப்பிருந்தால் தோல்விதான் என்பது ஃபிடே விதி. லிசெஸ் அதையே பின்பற்றுகிறது. உங்கள் சிப்பாய் உங்கள் ராஜாவுக்கே வழியடைத்து நின்று, குதிரை மேட் வைக்க முடியும் என்பதால் நீங்கள் தோற்கிறீர்கள். செஸ்.காமில் தனிக் குதிரையைப் போதிய பலம் இல்லாததாகக் கணக்கிடுவதால் அதே நிலை டிரா. லிசெஸில் மூன்று விநாடியோடு இந்த நிலையில் மாட்டினால் சிப்பாயை வேண்டுமென்றே கொடுத்துவிடுங்கள். ராஜாவுக்கு எதிரே ராஜாவும் குதிரையும் மட்டும் என்று ஆனதும் ஆட்டம் அங்கேயே டிரா.

எதிராளிதான் நேர நெருக்கடியில் இருக்கிறார் என்றால், அவர் வேகத்துக்கு நீங்களும் ஆடாதீர்கள். உங்களுக்கு ஐம்பது விநாடி, அவருக்குப் பத்து என்கிற நேரத்தில் நீங்களும் படபடவென்று ஆடினால் அந்த நாற்பது விநாடி லாபத்தைத் தூக்கிப் போட்டதாக அர்த்தம். காய்களைக் குறைக்காமல், அவர் எதிர்பார்க்காத பக்கத்தில் ஆடி, முடிவெடுக்க வைத்துக்கொண்டே இருங்கள்.

ராணியோடு ராஜா மேட் அதிகபட்சம் பத்து நகர்வில் முடியும், யானையோடு பதினாறு. இரண்டையும் பத்துப் பதினைந்து விநாடிக்குள் முடிக்கக் கைபழக வேண்டும். ராணி மேட்டில் பிரிமூவை அள்ளிப் போட்டு, எதிராளிக்கு நகர்வே இல்லாமல் டிராவாகும் ஸ்டேல்மேட் வாங்கிக்கொள்வது தினசரி நடக்கிற சோகம். ராஜாவும் சிப்பாயும் மட்டும் இருக்கும் நிலையில் ஆப்போசிஷன் (இரண்டு ராஜாக்களும் நேருக்கு நேர் நின்று வழி மறிப்பது) என்றால் என்ன என்று தெரிந்திருந்தால், முன்னே சொன்ன அந்த ராணி மாற்றத்துக்கு மூன்று விநாடியில் பதில் வரும். எண்ட்கேம் படிப்பு நடு ஆட்டத்தில் நேரத்தை மிச்சம் பிடிக்கும் இடம் அது.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புல்லட்டுக்குப் போனைவிட மவுஸ் நல்லது, மூன்று நிமிடத்துக்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனால் தானாக ராணியாகும் அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். நகர்வை உறுதி செய்யச் சொல்லும் அமைப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆடும்போது பின்னணியில் எதுவும் டவுன்லோட் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளிட்ஸ் ஆடினால் செஸ் வளருமா, கெடுமா என்ற பழைய சண்டைக்குத் தமிழ்நாட்டிலேயே இரண்டு பக்கத்துக்கும் சாட்சி இருக்கிறது. விஸ்வநாதன் ஆனந்த் சிறுவயதில் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய டால் செஸ் கிளப்பில் பிளிட்ஸ் ஆடி ஆடி வளர்ந்தவர். நீள ஆட்டங்களிலேயே எதிராளியின் நேரத்தில் ஒரு துளியை மட்டும் செலவழித்து ஆடிய பையன் என்றுதான் முதலில் பேசப்பட்டார். 2017-இல் ரியாத்தில், 48 வயதில், உலக ராபிட் பட்டத்தை ஜெயித்தார். இன்னொரு பக்கம் குகேஷ். ஆரம்ப வருடங்களில் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவின் யோசனைப்படி எஞ்சினைத் தள்ளிவைத்து, உட்கார்ந்து கணக்கிட்டே பழகியவர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனபோதும் அவருடைய பிளிட்ஸ் ரேட்டிங் கிளாசிக்கல் ரேட்டிங்குக்கு வெகு கீழேதான் இருந்தது. ஆனந்தின் வழிதான் சுலபம் என்று தோன்றும். ஆனால் அந்த கிளப்பில் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஆட்டம் முடிந்ததும் எங்கே தப்பு என்று பலகையிலேயே காட்டுவார். நாம் ஆட்டம் முடிந்த அடுத்த நொடி "புது ஆட்டம்" பட்டனைத் தட்டுகிறோம். திருப்பிப் பார்க்காமல் ஆடும் ஆயிரம் பிளிட்ஸ், செய்த தவறையே ஆயிரம் முறை பழகுவதுதான். மூன்று ஆட்டத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் திரும்பிப் பார்த்தால் போதும். அதற்கு மேல் பொறுமை யாருக்கு இருக்கிறது?

கடைசியாக ரேட்டிங். சம பலமுள்ள எதிராளியோடு ஆடினால் ஒரு ஆட்டத்துக்கு எட்டுப் புள்ளி ஏறும் அல்லது இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். டிராவை ஒதுக்கிவிட்டு, திறமையில் துளி மாற்றமும் இல்லாத ஒருவர் இருபது ஆட்டம் ஆடுகிறார், நாணயம் சுண்டுவது போல. 13-7 என்றோ அதைவிட நன்றாகவோ ஜெயிக்க அவருக்கு வாய்ப்பு 13 சதவீதம். அதே அளவு மோசமாகத் தோற்கவும் 13 சதவீதம். அதாவது நாலு முறைக்கு ஒரு முறை, எதுவுமே மாறாமல், ரேட்டிங் 48 புள்ளியோ அதற்கு மேலோ நகர்ந்துவிடும். ஐம்பது ஆட்டத்துக்குள் எங்காவது தொடர்ந்து ஐந்து தோல்வி வருவதற்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த ஐந்தை வைத்துத்தான் நாம் ஓப்பனிங்கை மாற்றுகிறோம், புதுக் கணக்கு தொடங்குகிறோம், "எனக்கு செஸ்ஸே வராது" என்று நண்பர்களிடம் சொல்கிறோம்.

ஆகவே இருநூறு ஆட்டத்துக்குக் குறைவாக எதையும் முடிவு செய்ய வேண்டாம். நடுவில் அளக்க வேண்டுமானால் வேறு இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளலாம். முப்பதாவது நகர்வில் அரை நிமிடத்துக்கு மேல் நேரம் வைத்திருந்த ஆட்டங்கள் எத்தனை, ஒரே நகர்வில் காயைக் கொடுத்த ஆட்டங்கள் எத்தனை. ரேட்டிங் தள்ளாடும்போதும் இவை இரண்டும் ஓரளவு நிதானமாக நகரும்.

தொடர் தோல்வியில் முதல் ஐந்து நாணயம் சுண்டுகிற கணக்கு என்றால், அதற்குப் பிறகு நள்ளிரவில் வரும் பத்து, நிதானம் இழந்து ஆடும் டில்ட். போன புள்ளியை இன்றைக்கே மீட்டுவிட வேண்டும் என்ற கோபத்தில், யோசிக்க வேண்டிய அந்த இரண்டு மூன்று இடங்களிலும் கை முந்திக்கொள்கிறது. இரண்டு தோல்வி அடுத்தடுத்து வந்தால் அன்றைக்கு ரேட்டிங் ஆட்டம் கிடையாது என்று முன்னாலேயே வைத்துக்கொள்வது நல்லது. ஆடியே தீர வேண்டும் என்றால் ரேட்டிங் இல்லாத கேஷுவல் ஆட்டம் இரண்டு தளங்களிலும் இருக்கிறது.